தேசங்களுக்கு நாமகரணம்

குழந்தை பிறந்தால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை தாய் தந்தையருக்கும் பாட்டன் பாட்டிக்கும் உரியது. பட்டப் பெயர் சூட்டும் உரிமையோ ஊராருக்கு உரியது. அந்த உரிமையை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் "கடன்காரர்" என்று ஒரு தடவை பட்டப் பெயர் விழுந்துவிட்டால், கடன் தீர்ந்த பிறகும் அந்தப் பெயர் தீர்வதில்லை. பேரப் பிள்ளைகள் தலையெடுத்த காலத்திலும் "கடன்காரர் வீடு" என்றே தெருவில் அடையாளம் சொல்லுவார்கள்.

தேசங்களுக்கும் இந்த இரண்டு விதப் பெயர்களும் உண்டு. இந்தியா, இலங்கை, எகிப்து என்பன இடுபெயர்கள். இவற்றோடு, "பின்தங்கிய நாடு", "வளரும் நாடு", "மூன்றாம் உலக நாடு", "தென்னுலக நாடு" என்ற பட்டப் பெயர்களும் உலக அரங்கில் உலவி வருகின்றன. பத்திரிகையைப் பிரித்தால் இவற்றில் ஒன்றாவது கண்ணில் படாத நாள் கிடையாது. படிக்கிறோம், மேலே போகிறோம். இப்பெயர்களை வைத்தவர் யார், எந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்தார், எந்தக் காரியத்தை உத்தேசித்து வைத்தார் என்று நாம் விசாரிப்பதில்லை.

விசாரிக்கத்தான் வேண்டும். ஏனெனில் இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒரு தேசம் வாங்கும் கடனுக்கு வட்டி எவ்வளவு, அது அனுப்பும் சரக்குக்குச் சுங்கம் எவ்வளவு, அதன் மருந்துக் கடையில் மாத்திரை என்ன விலை என்பதெல்லாம் பல சமயங்களில் இந்தப் பெயரைப் பொறுத்தே தீர்மானமாகின்றன.

வளர்வதும் வளர்ப்பதும்

தமிழில் "வளர்தல்" வேறு, "வளர்த்தல்" வேறு. செடி வளர்கிறது, தோட்டக்காரன் செடியை வளர்க்கிறான். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஆங்கிலத்திலோ "டெவலப்" என்ற ஒரே சொல் இரண்டு காரியத்தையும் பார்க்கிறது. இந்த ஒரு சொல்லின் இலக்கண மயக்கத்துக்குள் ஒரு நூற்றாண்டின் அரசியல் முழுவதும் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

பிரிட்டிஷ் சாம்ராஜ்ய காலத்து உத்தியோக பாஷையில் அச்சொல் பெரும்பாலும் பிறவினையாகவே வழங்கியது. அதற்குச் செயப்படுபொருளாக நின்றது மனிதர்கள் அல்ல; நிலமும் சுரங்கமும் காடும்தான். 1895-ம் வருஷம் குடியேற்ற நாட்டு மந்திரியாகப் பதவி ஏற்ற ஜோஸப் சேம்பர்லேன், சாம்ராஜ்யத்தின் பல பகுதிகளை இன்னும் பண்படுத்தப்படாத பண்ணைகளுக்கு ஒப்பிட்டார். உவமை தெளிவானது. பண்ணை இருந்தால் பண்ணையாரும் இருக்கவேண்டும். பண்படுத்துகிறவர் அவர், விளைச்சலும் அவருக்கே.

1929-ம் வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு "காலனி அபிவிருத்திச் சட்டம்" ஒன்றை நிறைவேற்றி, வருஷத்துக்குப் பத்து லட்சம் பவுன் வரையில் செலவிட அனுமதித்தது. காலனிகளில் விவசாயத்தையும் கைத்தொழிலையும் பெருக்குவதும், அதன் மூலம் பிரிட்டனுடைய வர்த்தகத்தையும் தொழிலையும் வளர்ப்பதும் அதன் நோக்கம் என்று அந்தச் சட்டமே ஒளிவு மறைவின்றிக் கூறியது. அபிவிருத்தி என்ற பயிருக்கு எந்த வாய்க்காலில் நீர் பாய்ந்து, எந்தக் களஞ்சியத்துக்கு நெல் போயிற்று என்பதை அறிய இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

மண்ணை இப்படி வகைப்படுத்திய காலத்திலேயே மனிதரையும் வகைப்படுத்தினார்கள். முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1919-ம் வருஷம் உருவான சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் 22-வது விதி என்று ஒன்று உண்டு. தோற்றுப்போன ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் உட்பட்டிருந்த நாடுகளின் ஜனங்கள், இன்றைய உலகின் கஷ்டங்களுக்கு நடுவே சொந்தக் காலில் நிற்கத் திறமை பெறவில்லை என்றும், அவர்களை முன்னேறிய தேசங்களின் பாதுகாவலில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்லிற்று. அதன்படி "ஏ", "பி", "ஸி" என்று மூன்று வகுப்புகள் பிரித்தார்கள். ஸிரியாவும் ஈராக்கும் "ஏ" வகுப்பு. தாங்கனீக்காவும் காமரூனும் "பி" வகுப்பு. தென்மேற்கு ஆப்பிரிக்காவும் பஸிபிக் தீவுகள் சிலவும் "ஸி" வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவதற்கு ஒரு வருஷம் போதும். தென்மேற்கு ஆப்பிரிக்காவோ நமீபியா என்ற பெயருடன் சுதந்திரம் பெற்றது 1990-ம் வருஷத்தில்தான்! மாணவன் மந்தமா, உபாத்தியாயருக்குப் பள்ளிக்கூடத்தை விட மனமில்லையா என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நௌரூ என்ற சிறு தீவு

"ஸி" வகுப்பில் சேர்க்கப்பட்ட நாடுகளில் ஒன்று நௌரூ. பஸிபிக் சமுத்திரத்தில், சுமார் எட்டுச் சதுர மைல் பரப்புள்ள தீவு அது. நமது பெரிய கிராமங்கள் சிலவற்றின் எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் மண்ணில் பாஸ்பேட் என்னும் உயர்ந்த உரப் பொருள் நிறைந்திருந்தது. 1920-ம் வருஷம் அத்தீவின் பாதுகாவல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய மூன்றுக்கும் கூட்டாகக் கிடைத்தது. மூன்றும் சேர்ந்து ஒரு கமிஷன் அமைத்து, தீவின் மண்ணைப் பெயர்த்துக் கப்பலேற்றி ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து வயல்களுக்கு உரமாக்கின. நௌரூ "அபிவிருத்தி" செய்யப்பட்டது. பசுமை கண்டவை வேறு தேசத்து வயல்கள்.

1968-ம் வருஷம் நௌரூ சுதந்திரம் அடைந்தது. மிஞ்சிய பாஸ்பேட்டைத் தானே விற்றது. மிகச் சிறிய ஜனத்தொகை, வருமானமோ பெரிது. ஆகவே 1970-களில், தலைக்கு வருமானம் என்ற கணக்கில், உலகத்தின் மிகப் பெரிய செல்வ நாடுகளோடு அது சமமாக நின்றது. பிறகு பாஸ்பேட் வற்றியது. சேமித்த மூலதனமும் தவறான முதலீடுகளில் கரைந்தது. தீவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு, சுண்ணாம்புப் பாறைகள் துருத்தி நிற்கும் பாழ்நிலமாகிவிட்டது.

கதை இதோடு முடியவில்லை. 2020-ம் வருஷம் உலக பாங்கி தனது ஜாபிதாவில் நௌரூவை "உயர் வருமான நாடு" என்ற வகுப்பில் சேர்த்தது. அந்த வருமானம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, மீன்பிடிக்க அன்னியக் கப்பல்கள் செலுத்தும் கட்டணம். மற்றொன்று, தன் கரையை நாடி வந்த அகதிகளை நௌரூவில் அடைத்து வைப்பதற்காக ஆஸ்திரேலியா கொடுத்த பணம். மண் போன தீவு, பாழான நிலம், அகதிச் சிறைக்கு வாடகை - இவை யாவும் சேர்ந்து கூட்டல் கணக்கில் "உயர்" என்ற பட்டத்தைத் தந்தன. கணக்கில் பிழை இல்லை. பட்டத்தின் பொருள் என்ன என்பதே கேள்வி.

ட்ரூமன் பிரசங்கம்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு காற்று மாறிற்று. 1947-ல் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948-ல் பர்மாவும் இலங்கையும் சுதந்திரம் பெற்றன. "ஸி வகுப்பு ஜனங்கள்" என்று இனிமேல் எவரையும் எழுத முடியாது. அந்தச் சமயத்தில், 1949-ம் வருஷம் ஜனவரி மாதம் 20-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் பதவியேற்புப் பிரசங்கம் செய்தார். அவருடைய வெளிநாட்டுக் கொள்கையில் நான்கு அம்சங்கள் இருந்தன. நான்காவது அம்சம், அமெரிக்காவின் விஞ்ஞான அறிவையும் தொழில் திறமையையும் "குறை வளர்ச்சிப் பிரதேசங்களுக்கு" வழங்கி உதவ வேண்டும் என்பது.

இச்சொல்லை அவர் புதிதாகச் சிருஷ்டிக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த வில்பிரட் பென்ஸன் என்பவர் 1942-ம் வருஷத்திலேயே அதை எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு நிபுணரின் கட்டுரையில் கிடந்த சொல், வல்லரசின் ஜனாதிபதி வாயிலிருந்து வந்தபோது உலகமெங்கும் பரவியது.

அதில் நன்மையும் இருந்தது, நஞ்சும் இருந்தது. நன்மை என்னவெனில், "காட்டுமிராண்டி", "தாழ்ந்த ஜாதி" என்ற பழைய இழிசொற்களுக்கு அங்கே இடமில்லை. இன்று குறைந்திருப்பது நாளை நிறையலாம் என்ற நம்பிக்கை அதில் தொனித்தது. நஞ்சு என்னவெனில், உலகத் தேசங்கள் எல்லாம் ஒரே சாலையில் ஒரே ஊரை நோக்கி நடப்பதாகவும், அமெரிக்கா முன்னே போய்விட்டதாகவும், மற்றவை பின்தங்கிவிட்டதாகவும் அது காட்டிற்று. ஏன் பின்தங்கின? வழியில் யாராவது அவற்றின் மூட்டையைப் பறித்தார்களா? இந்தக் கேள்விக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

நமது தேசத்தில் அக்கேள்வியைப் பல வருஷங்களுக்கு முன்பே எழுப்பியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் தாதாபாய் நௌரோஜி. 1870-களில் அவர் சர்க்காரின் புள்ளிவிவரங்களையே ஆதாரமாகக் கொண்டு, மாகாணம் மாகாணமாக விளைச்சலைக் கூட்டி, இந்தியாவின் உற்பத்தி தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 20 ரூபாய்தான் என்று காட்டினார். ஜெயிலில் ஒரு கைதிக்கு உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவைக்கூட, வெளியே இருக்கும் சாமானிய மனிதன் சம்பாதிக்கவில்லை என்பதையும் அதே கணக்குகளைக் கொண்டு எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் வைஸ்ராய் கர்ஸான் பிரபு 30 ரூபாய் என்று வேறு கணக்குச் சொன்னார். பத்து ரூபாய் வித்தியாசம் முக்கியமல்ல. அளக்கப்படுகிறவனே அளவுகோலைக் கையில் எடுத்தான் என்பதே முக்கியம். நௌரோஜி ஏழ்மையை அளந்ததோடு நிற்கவில்லை. அதன் காரணத்தையும் சொன்னார். இந்தியாவின் செல்வம் வருஷந்தோறும் கடல் கடந்து வடிந்துகொண்டிருக்கிறது என்றார். 1901-ம் வருஷம் வெளியான அவருடைய பெரிய நூலின் சாரம் அதுதான். "பின்தங்கிய நாடு" என்ற சொல் ஒரு நிலைமையைச் சொல்லுகிறது. நௌரோஜி சொன்னதோ ஒரு வரலாறு.

மூன்றாவது என்றால் மூன்றாந்தரமா?

பட்டப் பெயர்களில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது "மூன்றாம் உலகம்". பரீட்சையில் மூன்றாம் வகுப்பு, ரயிலில் மூன்றாம் வகுப்பு என்று கேட்டுப் பழகிய நம் காதுக்கு, இதுவும் மூன்றாந்தரம் என்றே ஒலிக்கிறது. உண்மை வேறு.

1952-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி, பாரிஸ் நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றில் ஆல்பிரட் ஸோவி என்ற ஜனத்தொகை நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கக் கட்சி ஓர் உலகம், ஸோவியத் கட்சி மற்றோர் உலகம் என்று எல்லோரும் பேசுகிறார்களே, இவை இரண்டிலும் சேராத ஜனங்கள்தானே தொகையில் அதிகம், அவர்களை ஏன் மறந்தீர்கள் என்று கேட்டு, அவர்களுக்கு மூன்றாம் உலகம் என்று பெயரிட்டார். இப்பெயரை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது ஒவ்வொரு பிரெஞ்சுக்காரருக்கும் தெரியும். 1789-ம் வருஷப் புரட்சிக்கு முன் பிரான்ஸில் பாதிரிமார் முதல் வகுப்பு. பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு. மற்ற ஜனங்கள் யாவரும் மூன்றாம் வகுப்பு. வரியைச் சுமந்தவர்கள் அவர்கள். அதிகாரம் இல்லாதவர்களும் அவர்களே. அந்த மூன்றாம் வகுப்புத்தான் எழுந்து நின்று சரித்திரத்தைப் புரட்டியது. ஆகவே ஸோவி சூட்டிய பெயர் இழிவுப் பெயர் அல்ல, ஓர் எச்சரிக்கை.

அப்பெயருக்கு உரியவர்கள் அதன் உட்பொருளை உணர்ந்துகொண்டார்கள். 1955-ம் வருஷம் ஏப்ரல் மாதம் இந்தோனேஷியாவில் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க தேசங்கள் கூடின. இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான், இந்தோனேஷியா ஆகிய ஐந்தும் அழைத்தவர்கள். 1964-ம் வருஷம் ஜூன் மாதம் ஜினீவாவில் 77 நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டு அமைத்தன. அங்கத்தினர் தொகை பிற்பாடு நூற்று முப்பதைத் தாண்டிய போதிலும், "77 நாடுகள் குழு" என்ற பெயரே நிலைத்தது. ஸோவியத் கூட்டரசு 1991-ல் கலைந்தபோது இரண்டாம் உலகம் மறைந்தது. இரண்டு இல்லாமல் மூன்று எப்படி என்று கணக்கு வாத்தியார் கேட்கலாம். ஆனாலும் அந்தச் சொல் சாகவில்லை. தன் பெருமையை இழந்து வசைச் சொல்லாக மட்டும் எஞ்சி நிற்கிறது.

அதன் இடத்தில் இன்று "தென்னுலகம்" என்ற பெயர் வந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட் தலைமையில் ஏற்பட்ட கமிஷன், 1980-ம் வருஷம் வெளியிட்ட அறிக்கையில், உலகப் படத்தின் குறுக்கே ஒரு கோடு வரைந்து, செல்வ நாடுகளை வடக்கு என்றும் ஏழை நாடுகளை தெற்கு என்றும் பிரித்தது. அந்தக் கோடு ஆசியாவின் கிழக்கே வந்ததும் பாம்பு போல் வளைந்து கீழே இறங்கி, ஆஸ்திரேலியாவையும் நியூஸிலாந்தையும் வடக்கில் சேர்த்துக்கொள்கிறது! கன்னியாகுமரி முனைகூடப் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. ஆயினும் இந்தியா தெற்கு. பூகோள சாஸ்திரத்தைப் பொருளாதார சாஸ்திரம் தோற்கடித்த இடம் இது.

வியாபாரிகளும் பெயர் வைப்பதில் பின்வாங்கவில்லை. 1981-ம் வருஷம் உலக பாங்கியின் கிளை ஸ்தாபனம் ஒன்றில் வேலை பார்த்த அந்துவான் வான் அக்ட்மேல் என்பவர், நியூயார்க் முதலாளிகளிடம் "மூன்றாம் உலகப் பங்கு நிதி" என்று ஒரு திட்டத்தை எடுத்துச் சொன்னார். திட்டம் சரி, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு விற்கமுடியாது என்றார்கள். அவர் யோசித்து "எழுந்துவரும் சந்தை" என்று மாற்றினார். தேசம் சந்தையாயிற்று, குடிமகன் வாடிக்கைக்காரன் ஆனான். சரக்கும் விலைபோயிற்று.

தலைக்கு இத்தனை டாலர்

பெயர்கள் ஒருபுறம் இருக்க, அளவுகோலைப் பார்ப்போம். உலக பாங்கி தேசங்களை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. 2025-ம் வருஷம் ஜூலை மாதத்துக் கணக்கின்படி, தலைக்கு வருஷ வருமானம் 1,135 டாலர் வரையில் இருந்தால் தாழ்ந்த வருமான நாடு. 4,495 டாலர் வரையில் கீழ் நடுத்தரம். 13,935 டாலர் வரையில் மேல் நடுத்தரம். அதற்கு மேல் உயர் வருமானம். இந்தியா கீழ் நடுத்தரத்தில் இருக்கிறது. 2016-ம் வருஷம் இந்த பாங்கி தன் புள்ளிவிவரத் தொகுதியில் "வளர்ந்த நாடு", "வளரும் நாடு" என்று இரண்டாகப் பிரிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது.

"தலைக்கு" என்ற கணக்கு ஒரு விசித்திரமான கணக்கு. பண்ணையாருக்கு 999 ரூபாய், அவருடைய பண்ணையாளுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு 500 ரூபாய் ஆகிறது. பண்ணையாள் அந்த 500 ரூபாயைக் கனவிலும் கண்டதில்லை. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களில் முதன்மையான ஸைமன் குஸ்னெட்ஸ், 1934-ம் வருஷம் அமெரிக்க ஸெனட் சபைக்குச் சமர்ப்பித்த அறிக்கையிலேயே, இந்தத் தொகையைக் கொண்டு ஜனங்களின் நல்வாழ்வைத் தீர்மானித்துவிடக் கூடாது என்று எச்சரித்திருந்தார். கருவியைச் செய்தவர் சொன்னதைக் கருவியைக் கையாண்டவர்கள் கேட்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் நமது பக்கத்து மனிதர்களே. பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக்கும், வங்காளத்தைச் சேர்ந்த அமர்த்தியா ஸென்னும் கேம்பிரிட்ஜில் சேர்ந்து படித்த நண்பர்கள். தேசங்கள் பகைத்தாலும் நட்பு பகைக்கவில்லை. 1990-ம் வருஷம் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் ஹக் "மனித வளர்ச்சி அறிக்கை"யைத் தொடங்கினார். ஸென் துணை நின்றார். வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளப்பது அதன் முறை. அப்படி அளந்தபோது இலங்கை போன்ற தேசங்களின் பெருமை வெளிப்பட்டது. 1945-ம் வருஷம் முதல் இலவசக் கல்வி அளித்து, வைத்தியத்தையும் கிராமங்களுக்குக் கொண்டு சென்ற அந்தத் தீவு, தன்னைவிடப் பன்மடங்கு பணம் படைத்த தேசங்களை ஆயுளிலும் எழுத்தறிவிலும் முந்தி நின்றது.

பெயருக்கு விலை

1971-ம் வருஷம் ஐ.நா. சபை "மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள்" என்று 25 தேசங்களைக் கொண்ட ஒரு ஜாபிதா தயாரித்தது. நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகியவை அதில் இருந்தன. 1975-ல் வங்காள தேசமும் சேர்ந்தது. இந்த ஜாபிதாவில் இருப்பதற்குச் சலுகைகள் உண்டு. மருந்து விஷயத்தைப் பாருங்கள். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிப்படி, "வளரும் நாடு" என்ற வகுப்பிலிருந்த இந்தியா, 2005-ம் வருஷம் ஜனவரி முதல், புது மருந்துகளுக்குப் பேடண்டு உரிமை வழங்கவேண்டியதாயிற்று. "மிகக் குறைந்த வளர்ச்சி" என்ற வகுப்பிலுள்ள நாடுகளுக்கு 2033-ம் வருஷம் வரை அந்தக் கட்டாயம் இல்லை. டாக்கா நகரத்து மருந்துத் தொழில் இந்தச் சலுகையின் நிழலில் தழைத்தது. ஒரு வார்த்தை வித்தியாசம். நோயாளியின் மடியில் அதன் கனம் தெரியும். 2021-ம் வருஷம் ஐ.நா. பொதுச் சபை, வங்காள தேசமும் நேபாளமும் லாவோஸும் 2026-ல் இந்த ஜாபிதாவிலிருந்து தேறி வெளியேற வேண்டும் என்று முடிவு செய்தது. தேறியது கௌரவம், ஆனால் தேறினால் சலுகை போய்விடும்.

தகுதி இருந்தும் இந்தப் பெயர் வேண்டாம் என்று மறுத்த நாடுகளும் உண்டு. கானாவும் ஜிம்பாப்வேயும் பப்புவா நியூகினியும் அவ்வாறு மறுத்தவை. பிச்சைப் பாத்திரம் என்று கருதப்படும் பெயரைக் கையில் ஏந்த அவற்றின் தன்மானம் இடங்கொடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிலைமை இலங்கைக்கு வாய்த்தது. 2019-ம் வருஷம் ஜூலையில் உலக பாங்கி அதை மேல் நடுத்தர வகுப்புக்கு உயர்த்தியது. ஒரே வருஷத்தில், 2020-ம் வருஷம் ஜூலையில், மறுபடியும் கீழ் நடுத்தரத்துக்கு இறக்கிற்று. 2022-ம் வருஷம் ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாமல் நிறுத்தியது. ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவதற்காக, உலக பாங்கியின் அங்கமாகிய ஸர்வதேச அபிவிருத்திச் சங்கம் 1960-ல் ஏற்பட்டது. அந்தச் சங்கத்தின் சலுகையிலிருந்து முன்பே தேறி வெளியேறியிருந்த இலங்கை, தன்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டது. 2022-ம் வருஷம் டிஸம்பரில் அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது. ஏறிய படியிலிருந்து இறங்கி, "என்னை ஏழை என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தேசம் கேட்கவேண்டிய நாள் வந்தது என்றால், அந்த எழுத்தின் பின்னால் எத்தனை வீடுகளின் அடுப்பு இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே பட்டப் பெயரைக் கண்டு கோபிப்பதும் வீண், பூரிப்பதும் வீண். மறுத்த கானாவும் தவறு செய்யவில்லை. கேட்ட இலங்கையும் தவறு செய்யவில்லை. பெயரை அறிந்து, அதன் விலையை அறிந்து, தன் ஜனங்களின் நன்மையைக் கருதித் தானே முடிவு செய்வதுதான் சுதந்திர தேசத்துக்கு அழகு.

இனிப் பத்திரிகையில் இப்படி ஒரு பெயரைக் காணும்போது நேயர்கள் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். சூட்டியவர் யார்? எதனால் அளந்தார்? இந்தப் பெயரால் யாருடைய கைக்கு என்ன வருகிறது, யாருடைய கையிலிருந்து என்ன போகிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் பெயரின் மாயம் விலகிவிடும்.

கடைசியாக நமது மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. "வளர்ந்த நாடு" என்று சொல்லும்போது நாம் இறந்த காலத்தைச் சொல்லுகிறோம். வளர்ச்சி முடிந்துவிட்ட நாடு உலகத்தில் எது? தெருவில் வீடில்லாதவர் படுத்துறங்கும் செல்வ நகரங்கள் வளர்ந்து முடிந்தவையா? தமிழ் இலக்கணத்தில் வினைத்தொகை என்று ஓர் அருமையான உருவம் இருக்கிறது. "ஊறுகாய்" என்றால், ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். அதைப்போல "வளர்நாடு" என்று சொல்லிப் பாருங்கள். வளர்ந்ததும் அதுவே, வளர்கின்றதும் அதுவே, இனி வளர்வதும் அதுவே. அமெரிக்காவும் வளர்நாடு, இந்தியாவும் இலங்கையும் நௌரூவும் வளர்நாடு. அது தன்வினை என்பதையும் மறந்துவிட வேண்டாம். பிறர் வளர்க்க வளர்வது தொட்டிச் செடி. தன் வேரில் நின்று வளர்வதுதான் மரம்.